லேபிள் இல்லை

மே மாதம், கானாடுகாத்தான்.
ரெண்டு மணிக்குப் போன கரண்டு நாலு வரை வரவில்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவன்
பள்ளத்தூர் பங்கில் நிற்பதாகச் சொன்னான்.
ஒரு மணி நேரம் முன்பும் அங்கேதான் நின்றான்.

ஓட்டலில் ஸ்டோர் சாவி என்னிடம்.
கண்ணாடிக் கதவுக்குள் முப்பத்திரண்டு ஜெர்மன் புட்டி.
பதினாலில் நிற்க வேண்டிய எண்
இருபத்தேழைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நான் குடிப்பதில்லை. கணக்கு மட்டும்.
மோசல், ரைன்கவ், நாஹே, ஃபிராங்கன்
எல்லாம் பேரேட்டில் என் கையெழுத்து.
சார் என்றொரு பகுதி,
எழுதும்போதெல்லாம் கை கொஞ்சம் பணியும்.
போகாத ஊருக்கு வழி தெரிந்தவன் நான்.

அங்கே சரிவெல்லாம் கறுப்புப் பலகைக்கல்லாம்.
பகலில் கிடைத்த சொற்ப வெயிலை
முந்தியில் முடிந்துவைத்து
ராத்திரி கொடியின் காலடியில் அவிழ்க்குமாம்.
ஆற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக்கூட
விட மாட்டார்களாம்.
வெயிலுக்கு வட்டி பார்க்கிற ஊர்.
இங்கே வந்து கேட்டால்
அசலையே அள்ளிக்கொண்டு போ என்போம்.

பின்கட்டில் கிணறு இருந்தது.
காய்கறிக் கூடை நாலு, கூடைக்கு எட்டு.
சகடை முனக முனக
ஒரு குளிர்நாட்டை இறக்கினேன்
செம்புறாங்கல் சுவரில் இடிக்காமல்.

ஆறரைக்கு விளக்கு எரிந்தது. தூக்கினேன்.
முப்பத்திரண்டும் பிறந்தமேனி.
தண்ணீரில் காகிதங்கள் மிதந்தன.
தங்க எழுத்தில் ஒரு கோட்டை
தவளையின் முதுகில் ஏறிக்கொண்டு போனது.

எட்டு மணிக்கு விருந்து.
ஹில்டகார்ட் அம்மாளும் ஐந்து பேரும்,
பதார்த்தத்துக்கு ஒரு பகுதி என்று கேட்டிருந்தார்கள்.
ஃபிராங்கன் பிரச்சினை இல்லை,
சப்பை வயிறு காட்டிக்கொடுத்துவிடும்.
பழுப்புப் புட்டி ரைன் பக்கம்.
மிச்சம் பச்சை, பதினாலு.
மோசலா, சாரா?
எல்லாம் ஒரே முகம், ஒரே மூடி.

பஞ்சவர்ணம் கைமசாலா வறுத்துக்கொண்டிருந்தாள்.
"வாயில வைக்க மாட்டேன். கொண்டா, மோந்து சொல்றேன்."
முதல் மூடி. மூக்கைச் சுருக்கினாள்.
"டீசல் வாங்கப் போன பய வந்துட்டானா?"
பழைய ரீஸ்லிங்குக்குப் பெட்ரோல் வாடை உண்டென்று
விளக்கத்தாளில் நான் படித்திருக்கிறேன்,
அவள் படிக்கவில்லை.
இரண்டாவது: "பலப்பம். நனைஞ்ச சிலேட்டு.
ஒண்ணாப்புல நீ தின்னதில்ல?"
மூன்றாவதுக்குக் கண் கூசியது.
"களாக்காய். இதைத் தனியா வை."
நான்காவதை ஒரு விநாடி அதிகம் பிடித்திருந்தாள்.
"உள்ள இனிப்பு ஒளிஞ்சிருக்கு.
உப்புக்கறிக்கு இதைக் குடு, வத்தல் காரம் தணியும்."

கொடுத்தோம்.
ஹில்டகார்ட் அம்மாள் கறியைத் தின்று
கண்ணைத் துடைத்து, ஒரு மடக்கு குடித்து,
இன்னொரு மடக்கு குடித்து,
"நாஹே" என்றார், தீர்மானமாக.
பச்சைப் புட்டி என் கைத்துண்டுக்குள் இருந்தது.
தலையாட்டினேன்.

பதினொன்றரைக்குப் பேரேடு:
டீசல், ஒன்று.
பலப்பம், மூன்று.
களாக்காய், இரண்டு, ஒன்று பாதியில் நிற்கிறது.
இனிப்பு ஒளிந்தது, தீர்ந்தது.
கடைசிக் கட்டத்தில்
ஆடிட்டர் கேட்பார் என்று சிவப்பு மையில்:
லேபிள் இல்லை. சரக்கு சரி.