பதினேழாவது நிமிடம்

முதலில் எல்லோரும் மின்வெட்டைத்தான் சொன்னோம்.
டொங்காட்டில் எதற்கும் அதுதான் காரணம்:
திரிந்த பாலுக்கு, நடுவில் வேகாத கேக்குக்கு,
வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத கொழுந்தனுக்கு.
குளிர்பெட்டிக் கதவில் நேர அட்டவணைகூட ஒட்டியிருக்கிறது.
ஆனால் அன்று கூடத்து விளக்கு எரிந்தது, கெட்டில் கொதித்தது,
அடுத்த வீட்டுத் தாண்டேகாவின் தொலைக்காட்சியில்
யாரோ விடாமல் அழுதுகொண்டிருந்தார்கள்.
கணினி மட்டும் போனது,
மிசஸ் நாய்க்கரின் வரிக்கணக்கு பாதியில் நிற்க.
ஒரு சொடுக்கு.
பிறகு கறுப்புத் திரை, அதில் என் முகம், கண்ணாடியோடு.

கொழுந்தன் வைரஸ் என்றான்.
கிரீசன் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து, "கிழடு அது, தூக்கிப் போடும்மா."
கடைத்தெரு சிபூசிசோ தொலைபேசியிலேயே மரணச் சான்றிதழ் கொடுத்தான்:
தாய்ப்பலகை. இரண்டாயிரத்து நானூறு ராண்ட்.
யோகன் ஒன்றும் சொல்லவில்லை.
ஆலையில் ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து
அவர் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.
பேச்சை அந்தப் பக்கம் திருப்பினால்
சோற்றைப் பிசைந்தபடியே அணைந்துவிடுவார்.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன்.
கணக்கெழுதிப் பிழைப்பவளுக்கு வேறென்ன தெரியும்?
காலை ஆறரை: நாற்பத்தொரு நிமிடம் தாங்கியது.
மதியம்: பதினேழு.
அணைந்த கையோடு மறுபடி போட்டால்: நான்கு.
சுவரில் வேறு பிளக்: பதினேழு.
நினைவகப் பட்டையை உருவி, துடைத்து, செருகிய பின்: பதினாறு.
ஒன்றும் செய்யாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால்: முப்பது.
வரித்துறைப் பக்கத்தைத் திறந்தால்: ஒன்பது.
(அதற்காக அதை நான் குறை சொல்ல மாட்டேன்.)

உள்ளே அதுவும் ஒரு பதிவேடு வைத்திருந்தது.
இருபத்தாறு முறை, ஒரே வரி:
முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது.
எதிர்பாராததாம்!
நிமிடத்தோடு எழுதி வைத்திருக்கிறேன் நான்.
பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
ரொட்டி சுடலாம்.

ஞாயிற்றுக்கிழமை, மூன்று திருகாணிகள்.
நான்காவது எப்போதோ காணாமல் போயிருந்தது.
உள்ளே கரி.
அறுவடைக்கு முன் கரும்பு கொளுத்தும் மாதங்களில்
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையாகப் பார்த்து வந்து உட்காருமே,
தொட்டால் உதிர்ந்து கோடிழுக்குமே,
அந்தக் கறுப்புச் சுருள்கள்,
விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே
மெத்தை தைத்திருந்தன.
ஒன்பது வருஷமாய்ச் சன்னலோரம் உட்கார்ந்து
மூச்சிழுத்த கரி.
தகட்டைப் பெயர்த்தால், சில்லின் நெற்றியில்
வெடித்துக் காய்ந்த சந்தனம்போல் பழைய பசை.

பின்னால் நிழல் விழுந்தது.
கையில் சைக்கிள் பம்பும் பெயின்ட் பிரஷும்.
"விசிறி சுத்தாம ஒரு விரலால புடிச்சுக்கோ,"
என்றார் யோகன்.
பத்து நாளில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம்.
கொல்லைக் கதவோரம் ஊதினோம்.
இருவர் மூக்கும் கறுத்தது.
"பாய்லரும் இதே மாதிரிதான்," என்றார் தகட்டைத் துடைத்துக்கொண்டே,
"சூடு எல்லை தாண்டினா தானா நின்னுடும்.
ரிப்பேர்னு நெனைச்சு புதுப் பசங்க உதைப்பானுங்க.
எரிஞ்சு போகாம இருக்கத்தான் நிக்குது."
நான் ஆலையைப் பற்றிக் கேட்கவில்லை.
பிரஷைக் கழுவினேன்.

திங்கட்கிழமை சிபூசிசோவிடம் பசை வாங்கினேன், எண்பத்தொன்பது ராண்ட்.
"உளுந்தளவு போதும்," என்று விரல்நுனியில் காட்டினேன் யோகனுக்கு.
அவர் துவரையளவு வைத்தார்.
இரண்டு மணி பத்து நிமிடம்.
நானே அலுத்துப்போய் அணைத்தேன்.
மிசஸ் நாய்க்கருக்குப் பணம் திரும்ப வருகிறது, கொஞ்சம்தான்.

பக்கத் தகட்டை மாட்டவில்லை.
திறந்தே கிடக்கிறது, அழகில்லாமல்.

இரவு, விளக்கணைத்த பிறகு, அவராகவே ஆரம்பித்தார்:
"லிஸ்ட்ல முப்பத்தெட்டு பேர்..."
என் கண் கடிகாரத்துக்குப் போனது, பழக்கதோஷம்.
பதினோரு நிமிடம்.
பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.
குழாய் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.
நோட்டு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
எழுதவில்லை.