ஒன்பதரைக்கு முன்

இரவு பதினொன்று நாற்பதுக்குப் பணிப்பாளர் சபை கலைந்தது.
கொழும்பில் எட்டுப் பேர், சிங்கப்பூரில் ஒருவர்,
கல்லடியில், நுளம்புத் திரிப் புகைக்குள்,
கூட்டக் குறிப்பெடுக்கும் நான்.
தலைவர் கொட்டாவியோடு சொன்னார்:
"வசனத்தைக் கொஞ்சம் மென்மையாக்குங்கள், மிஸ் நிவேதினி.
சந்தை திறக்கமுன் ஏறிவிட வேண்டும்."

வசனம் இதுதான்:
குளிர்ச்சங்கிலியில் ஏற்பட்ட தளம்பல் காரணமாக
இன்சுலின் பேனைகளின் சில தொகுதிகள்
முன்னெச்சரிக்கையாக மீளப்பெறப்படுகின்றன.
பொருண்மையான நிதிப் பாதிப்பு
எதிர்பார்க்கப்படவில்லை.

தளம்பல் என்னுடைய சொல்.
ஆங்கிலத்தில் அது இன்னும் வழுவழுப்பு.
முதல் வரைவில் பழுது என்றிருந்தது.
அதற்கும் முந்தியதில்
களஞ்சியத்து ஜெனரேட்டர் இரண்டு நாள் கிடந்ததும்,
காவலாளி ஏழு தடவை அழைத்ததும்,
எவரும் எடுக்காததும் இருந்தன.
அதை எழுதிய தரக்கட்டுப்பாட்டு அதிகாரி
மூன்றாம் வரைவில் இல்லை.

"சில என்றால் எத்தனை?"
பேராசிரியை தல்கஹவத்த மட்டும் கேட்டார்.
ஒரு மணிக்கு அவரது இராஜினாமா வந்தது.
காரணம்: தனிப்பட்டது.
சுயாதீனப் பணிப்பாளர் ஒருவர் குறைந்ததை
தனி அறிவித்தலாக நானே தட்டச்சினேன்.
தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.

இணைப்பில் பதினொரு தொகுதி எண்கள்.
எட்டாவதை எனக்குத் தெரியும்.
போன மாதம் அக்காவுக்காக
நான்தான் வாங்கி வந்தது.

ஐந்தரைக்கு ஸ்கூட்டியில் பாலம் தாண்டினேன்.
பெரியாஸ்பத்திரிக்கு முன்னால்
இரவெல்லாம் திறந்திருக்கும் பாமசியில்
வேறு கம்பனிப் பேனை ஒரு பெட்டி.
அக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்,
நேற்றைய சொதிக்கும் தேங்காய்ப்பூவுக்கும் இடையில்,
பழையதை எடுத்தேன், புதியதை வைத்தேன்.
"டொக்டர் மாத்தச் சொன்னவர்" என்றேன்.
அவள் பல் விளக்கிக்கொண்டே தலையாட்டினாள்.

வாசலில் அத்தான், கையில் செப்பலிக் கோர்வை.
வாழைச்சேனைக் கடதாசி ஆலை தந்த பணிக்கொடையில்
பாதியை எங்கள் பங்குகளில் போட்டவர்.
"இண்டைக்கு இன்னும் ரெண்டாயிரம் எடுக்கட்டா கா?"

'தெரியாது' என்றால் பொய்.
'அதைப்பற்றிக் கதைக்க ஏலாது' என்றால்
பேரின்பராசா அத்தான் மடையரல்ல,
வாசலிலேயே போனை எடுத்து விற்றுவிடுவார்.
சால்வைக்குள் பேனை சில்லிட்டது.
"செப்பலி என்ன விலை அத்தான்?" என்றேன்.
அவர் விலை சொன்னார்.
கடலைப் பற்றியும் ஏதோ சொன்னார்.

ஏழு மணிக்குக் கம்பனிச் செயலாளருக்கு எழுதினேன்:
இணைப்பில் பதினொன்று, வசனத்தில் சில.
சந்தை கேட்கும்.
எட்டு ஐம்பதுக்குப் பதில்:
பதினொன்று என்றே போடுங்கள்.
அவ்வளவுதான் என்னால் திருத்த முடிந்தது.
தளம்பல் தளம்பலாகவே போனது.
ஒன்பது பதினேழுக்கு ஏற்றினேன்.

நாற்பத்தெட்டு ரூபாய் இருபது சதம்
மதியத்துக்குள் முப்பத்தாறு.

பின்னேரம் அத்தான் வந்தார்,
கதிரையில் இருக்கவில்லை.
போனில் அறிவித்தலின் இணைப்பைத் திறந்து
எட்டாவது எண்ணில் விரலை வைத்தார்.
"விடியக்காலம் ஊசிய மாத்தினாய்."
"ஓம்."
"என்னட்ட மீன் விலை கேட்டாய்."
"ஓம் அத்தான்."
"மறுகா?"

வெளியே யாரோ படகு எஞ்சினை
இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை.
மறுகா சொல்ல
என்னிடம் ஒரு வரைவும் இல்லை.
அக்கா உள்ளே பொரித்துக்கொண்டிருந்தாள்,
காலை ஊசி போட்டவள், பசியோடு.

மேசையில் என் போன் ஒளிர்ந்தது:
பங்குச் சந்தையிலிருந்து, விளக்கம் கோரல்,
பதில் நாளை ஒன்பதரைக்கு முன்.
அத்தான் அதை வாசித்தார்.
எனக்கு முன்னே வாசித்தார், முதல் தடவையாக.
பிறகு போனை என் பக்கம் தள்ளினார்.
"எடு. இந்த முறை
ஜெனரேட்டர எழுது."

ஜெனரேட்டரை அவரிடம் நான் சொல்லவேயில்லை.
ஆலையில் முப்பது வருடம் இருந்த மனிதன்.
தளம்பலுக்குள் என்ன இருக்குமென்று
அவருக்குத் தெரிந்திருக்கிறது.