பெருங்காய டப்பா

ஸ்டான்லியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்
சீட்டில் எழுதியது ஒரே சொல்: கோதுமை.

அப்புறம்தான் தெரிந்தது
அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதென்று.
ரவா தோசையில் சரி,
பெருங்காய டப்பாவின் முதுகிலுமா, பொடி எழுத்தில்?
பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு தட்டு அத்தோவுக்காக
மழையில் ஒண்டி நின்றவள் நான்.

இப்போது விடிகாலையில் காசிமேடு.
டெல்பினா கூறு கட்டிய காரப்பொடி,
வீட்டில் கேழ்வரகுக் களி,
காயத்துக்குப் பதில் நாலு பல் பூண்டு கூட.
ரவிக்கைக் கொக்கி இழுக்கிறது.
பிரித்துத் தைக்கிறேன், சிரிப்பு வருகிறது.

ஞாயிறுதான் சிக்கல்.
ராயபுரம் கோயில் வரிசையில் ஃபாதர் நீட்டும்
வெள்ளை அப்பமும் மாவுதானே.
முதல் வாரம் நாக்கில் வாங்கி
மூன்று நாள் படுத்தேன்.
அடுத்த வாரம் கைகட்டி ஆசீர் மட்டும்;
பின்னால் நின்ற எமரன்சி அக்கா
என்ன பாவமோ என்று பார்த்தாள்.
பார்க்கட்டும்.

நேற்று, அப்பத்துண்டு போடாத
சின்னக் கிண்ணம் ஒன்று தனியாக இருந்தது.
ஃபாதர் எதுவும் கேட்கவில்லை, சாய்த்தார்.
ஒரு மிடறு.
தொண்டையில் லேசாய்ச் சூடு.

வெளியே வந்தேன்.
மீன் லாரி, வெயில், ஹார்பர் புழுதி.
பசித்தது.
எத்தனை மாதமாயிற்று,
இப்படி வெறுமனே பசித்து.