மோப்பம்

கம்பம்மெட்டு இறக்கத்தில்
பெண்களுக்கென்று தனிச் சாவடி.
தலைவர் சொல்லிவிட்டார்:
தாய்க்கு வேலை தொட்டிலடியில்,
கூலிக்கு மலையேறுகிறவள்
தேசத்தின் பாலைத் திருடுகிறாள்.

நாலாவது பிள்ளைக்கு எனக்கும் ஒரு பதக்கம்.
தகரம்தான்.
தாசில்தார் சம்சாரம் குத்திவிட்டபோது
ஊசி தோலில் ஏறிவிட்டது.
கைதட்டல் ஓயும்வரை சிரித்துக்கொண்டு நின்றேன்.
அதைக் காட்டினால் ரேஷன் கடையில்
முன்னால் விடுவார்கள்,
அரிசி வந்திருந்தால்.

ஆகவே ஏறுகிறோம், இருட்டோடு,
ஜீப் தடத்தை விட்டு விலகி,
ஏலக்காய் எடுக்க.
இறங்கும்போதுதான் கையை நீட்டச் சொல்கிறார்கள்.
காய்ப்பால் விரலில் கறுப்பாய் அப்பியிருக்கும்.
புளி போட்டுத் தேய்த்தால் கறுப்பு போகும்.
வாசம்?

அதற்குத்தான் ஒச்சம்மாளை வைத்திருக்கிறார்கள்.
மகளிர் படை, சாம்பல் சட்டை, கழுத்தில் விசில்.
பன்னிரண்டு வருஷம் ஜீப்பில் இடமில்லாமல்
என் மடியில் உட்கார்ந்து வந்தவள்.
நாளுக்கு ஒருத்தியையாவது
அவள் கணக்குக் காட்டியாக வேண்டுமாம்.

நேற்று என் கையைப் பிடித்து முகர்ந்தாள்.
விடவேயில்லை.
என்ன வாசம், என்றான் பின்னால் நின்ற அதிகாரி.
பிள்ளை மூத்திரம், என்றாள்.

எனக்கடுத்து நின்றவள் செபஸ்தியம்மா.
அவள் கையை முகரவே இல்லை.
வண்டியில் ஏத்துங்க, என்றாள்.

ராத்திரி நாலாவது என் விரலைச் சப்பிக்கொண்டு
தூங்கிப்போனான்.
விரலை உருவாமல் படுத்திருக்கிறேன்,
நாளைக்கு வரிசையில்
எனக்குப் பின்னால் யாரை நிற்கவிடலாம்
என்று யோசித்தபடி.