ஏழாவது மேசை

கோடையில் எனக்குப் பாலம் தூக்கும் வேலை.
படகு நெருங்கினால் மணியடித்துச் சாலையை மறிப்பேன்.
தூண்டில் கழியில் கட்டிய மரச்செருப்பைக்
கால்வாய்க்கு மேல் நீட்டுவேன்.
காசு விழும். சிலசமயம் சட்டைப் பொத்தான்.

குளிர்காலத்தில் படகு ஏது?
அதே கையசைப்பைப் பொம்மைச் செங்கல்லில் கட்டினேன்:
நீண்டதொரு கரம், நுனியில் மஞ்சள் செருப்பு.
குனியும், ஒரு பந்தை அள்ளும், நிமிரும்,
அடுத்தவர் தொட்டியில் கவிழ்க்கும்.
விநாடிக்கு ஒரு பந்து,
எங்களுக்குள் இருப்பது அந்த ஓர் ஒப்பந்தம்தான்.

டிராக்டன் விளையாட்டுக் கூடம். வெள்ளி இரவு.
வட்டமாகப் பதினான்கு மேசைகள், ஏழாவது என்னுடையது.
இடப்பக்கம் ஃபோல்கெர்ட்டின் திருகாணி,
சுற்றிச் சுற்றிப் பந்தை உச்சிக்கு அழைத்துப் போகும்.
வலப்பக்கம் கேர்ட்யாவின் படிக்கட்டு:
படிகள் ஏறி இறங்கும்,
பந்துகள் சும்மா உட்கார்ந்தபடி மாடிக்குப் போகும்.
ஐந்நூறு பந்துகளைக் கொட்டினோம்.
கூடம் முழுக்கப் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம்.

எட்டாம் நிமிடம் என் கரம் நின்றது.
பல்சக்கரம் டிக் டிக்கென்று
தலையில் அடித்துக்கொண்டது.

முதலில் என்மேல்தான் சந்தேகம்.
கறுப்பு ஊசி பிடித்து நிறுத்தும் ரகம்,
சாம்பல் ஊசி சுழலவிடும் ரகம்.
முழங்கை மூட்டில் கறுப்பைச் செருகியிருந்தேன்.
வெட்கம்தான். மாற்றினேன்.
பதினோரு நிமிடம் ஓடி நின்றது.
அச்சை மயிரிழை தளர்த்தினேன்.
ஏழு நிமிடம்.
ரப்பர் வளையம் புதிது போட்டேன்.
ஒன்பது.
நோயாளி ஒருவர், வைத்தியர் பதின்மூன்று பேர்:
மின்சாரம் போதவில்லை என்றார் ஒருவர்,
எண்ணெய் விடு என்றார் இன்னொருவர்
(யாரும் விடக்கூடாது, எல்லாருக்கும் தெரியும்),
கரம் அழகாயிருக்கிறது, அதுதான் கோளாறு என்றார் ஃபோல்கெர்ட்.

நள்ளிரவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
பாலத்தில் படகுகளுக்குக் கோடு கிழிப்பதுபோல்
அட்டையில் கிழித்திருந்தேன்.
எட்டு, பதினொன்று, ஏழு, ஒன்பது.
கூட்டினேன், வகுத்தேன், விநாடியாக்கினேன்.
ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேலே.
என் கரத்துக்கும் ஐந்நூறுக்கும் என்ன உறவு?

அடுத்தமுறை நின்றபோது
எதையும் திருகவில்லை, தட்டவில்லை.
செருப்பைக் கவிழ்த்தேன்.
உள்ளே சிக்கியிருந்தவனைக்
கைவிளக்கில் காட்டிப் பார்த்தேன்.
ஆரஞ்சு உருண்டை. ஒருபக்கம் பள்ளம்,
பள்ளத்தைச் சுற்றி உப்பிய விளிம்பு,
தாள் கனம்கூட இராது.
கேர்ட்யா பல்செட் செய்பவள்.
வாங்கி ஒரே ஒரு திருப்பு திருப்பினாள்:
"மேல்தாடை, இடது கோரைப்பல். மனிதரில்லை."
ஃபோல்கெர்ட் குனிந்து
அவிழாத கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்.
அவர் வீட்டு நாய்க்கு இரண்டு வயது.

பந்து என் கோட்டுப் பைக்குள் போனது.
முப்பத்தொரு நிமிடம் தடையின்றி ஓட்டம்.
காப்பி ஊற்றினோம்.
அப்போது மறுபடி நின்றது.

ஒரு கோளாறின் முதுகுக்குப் பின்னால்
இன்னொன்று இத்தனை நேரம் ஒளிந்திருந்திருக்கிறது.
தொட்டியின் தொண்டையில்
குறையில்லாத இரண்டு பந்துகள்,
தோளோடு தோள் முட்டி,
நீங்கள் போங்கள், இல்லை நீங்கள் போங்கள்
என்று நின்றன. பின்னால் நாற்பது பேர் நெரிசல்.
ஒருபக்கச் சுவரில் மட்டும்
சரிவுக்கல் ஒன்றை வைத்தேன்.
யார் முதலில் என்பதை இனி அது சொல்லும்.
ஆடிய மேசைக்காலுக்கு
கேர்ட்யா பீர்க்கோப்பை அட்டையை மடித்துக் கொடுத்தாள்.
மணி மூன்றரை.

ஞாயிறு மதியம் ஒரு பையன்
தடுப்புக் கயிற்றில் மோவாயை வைத்து
ஒரு மணி நேரமாக நின்றிருந்தான்.
அம்மா இரண்டுமுறை கூப்பிட்டாயிற்று.
பலகையைப் படித்தான்: ஐந்நூறு பந்துகள்.
பிறகு என்னைப் பார்த்தான்.
"நீங்க எண்ணிப் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.
பைக்குள் என் நகம்
அந்தப் பள்ளத்தைத் தேடிப் பிடித்தது.