கீழ்த்தளம் மூன்று

ஆறு மணிக்குக் கணினி தானே அணைந்துவிடும்.
கம்பெனியின் புது விதி.
"இன்றைய உழைப்புக்கு நன்றி" என்று
திரையில் ஒரு கரடிக்குட்டி கையசைக்கும்.
பாதி வாக்கியத்தில் விரல் நிற்கும்.

பாங்யோவின் கண்ணாடிக் கட்டடங்கள்
மாடி மாடியாக இருட்டும் நேரம்
லிஃப்டில் எல்லோரும் குடும்பஸ்தர்கள்.
"நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார் பியோன்,
எங்கள் குழுத்தலைவர்.
மகனுக்கு நீச்சல் வகுப்பாம்.

நான் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தி
சொந்த மடிக்கணினியை
ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொள்கிறேன்.
இருபது நிமிடம், அவ்வளவுதான்.
நேற்றும் அவ்வளவுதான்.
ராவோன் நர்சரியில் கடைசிக் குழந்தையாக
காலணி மாட்டிக்கொண்டு நிற்பாள்.
ஒரு விளக்கை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள்.

ஏழு பத்து.
எட்டாம் தூணுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம்.
இரவுக்கடலில் கணவாய் பிடிக்கும் படகு போல.
பியோனின் முகம்,
தாடையிலிருந்து மேலே நீலமாக.
கண்ணாடியில் தொங்குகிறது
மகனின் நீச்சல் கண்ணாடி.

பார்த்தார். பார்த்தேன்.
திருடனைத் திருடன் கண்டால்
யார் யாரைப் பிடிப்பது?
அவர் மெல்லத் தலைவணங்கினார்,
அலுவலகத்தில் வணங்கும் அதே கோணத்தில்.
நானும் குனிந்தேன்.
மடிக்கணினியின் விளிம்பு ஹார்னில் அழுந்தி
தளம் முழுக்க அலறியது.

எங்கோ ஒரு காரில் வெளிச்சம் அணைந்தது.
இன்னொன்றில்.
அதோ, அந்த மூலையிலும்.
அடக் கடவுளே, எத்தனை பேர் இருந்தோம்.

வண்டியைக் கிளப்பினேன்.
வாக்கியம் இன்னும் பாதியில்தான் இருக்கிறது.
ராவோன் இடது வலது மாற்றித்தான் போட்டிருப்பாள்.
இன்றைக்காவது குனிந்து
கழற்றி மாட்டிவிட வேண்டும்.