பிழை ஆரில

கொடிகாமம் பொலிசில கதிரை தந்தவை.
நான் இருக்கேல்லை. காற்சட்டை முழுக்கக் கிறீஸ்.
பேர் கேட்டார், சொன்னன்: செபநாயகம் அல்பிரட்.
தொழில்: லொறி மெக்கானிக், நீர்வேலி.
செத்தவரைத் தெரியுமோ?
தெரியாது.
லொறியைத் தெரியுமோ?
தெரியும் ஐயா. அதின்ர வயித்துக்குக் கீழ
படுத்தெழும்பின நாள் கனக்க.

அவர் அதை எழுதினார்.
அவர் கேளாததை நான் இஞ்ச எழுதிறன்.

செவ்வாய் பின்னேரம் லொறி வந்தது.
பின் வலப்பக்கச் சில்லில
லைனர் தேஞ்சு ஆணி தெரிஞ்சது.
போனில படம் எடுத்து
முதலாளி அம்பிகைபாகனுக்கு அனுப்பினன்.
உடன எடுத்தார்.
"தம்பி, வெங்காயம் நாளைக்குத் தம்புள்ளையில இறங்காட்டி
விலை விழுந்திடும். இப்ப இறுக்கி விடு.
போய் வரட்டும், மாத்துவம்."

போய் வரட்டும்.
எங்கட வாயில 'போ' எண்டு வராது,
போட்டு வா எண்டுதான் வரும்.
நான் இறுக்கி விட்டன்.
ஆயிரத்தைஞ்சூறு ரூபா. கைக்காசு.

போச்சுது. வெங்காயம் இறங்கிச்சுது.
வெறும் லொறியாத் திரும்பினால் டீசல் காசு ஆர் குடுக்கிறது?
கரட், கோவா, லீக்ஸ்,
பலகைக்கு மேல இன்னும் ரெண்டு அடுக்கு,
திருநெல்வேலிச் சந்தை கூடமுந்தி வந்து சேரோணும்.
றைவர் யூட் ரெண்டு இரவாப் படுக்கேல்லை.
அவனுக்குச் சம்பளம் இல்லை, ரிப்புக்குக் காசு.
நித்திரைக்கு ஒருத்தரும் காசு குடுக்கிறேல்லை.

கொடிகாமம் தாண்டேக்க நாலரை மணி.
கந்தவனம் எண்டவர் சைக்கிளில பால் கொண்டு போறார்.
பின்னுக்கு லைற் இல்லை
(அதைப் பொலிஸ் ரெண்டு தரம் எழுதினது).
தண்ணிக் குழாய்க்குக் கிண்டின கரை
மாரிக்கு முந்தி மூடுவம் எண்டவை, மூடேல்லை.
அவர் தாரில ஏறி ஓடினார்.
வேற எங்க ஓடுறது?

யூட் கண்டவன். பிந்தித்தான் கண்டவன், எண்டாலும் கண்டவன்.
பிறேக்கை மிதிச்சவன்.
இப்ப நான் சொல்லுறதை
லொறிக்குக் கீழ படுத்தவன்தான் சொல்லலாம்:
வலப்பக்கம் பிடிக்காட்டி
லொறி இடப்பக்கம் இழுக்கும்.
இடப்பக்கம்தான் அந்த மனுசன்.

மிதியாமல் விட்டிருந்தால்
ஒருவேளை விலத்திப் போயிருக்கும்.
இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

பால் கான் நெளியேல்லை. மூடியும் கழரேல்லை.
ஆரோ அதை எடுத்துக்கொண்டுபோய்ப்
பால் நிலையத்தில குடுத்தவையாம்.
அவற்ர பேரிலேயே அண்டைக்கு
ஏழு லீற்றர் பதிவு.

பொலிஸ்காரர் நல்ல மனுசன்தான். எழுத்தும் வடிவு.
'காரணம்' எண்ட இடத்தில
ஒரு வரிக்குத்தான் கோடு கீறிக் கிடந்தது.
சாரதியின் கவனயீனம் எண்டு எழுத
அது சரியா நிரம்பிச்சுது.
முதலாளிக்கு இடமில்லை. கிண்டினவைக்கு இடமில்லை.
வெங்காய விலைக்கு எங்க இடம்?
எனக்கும் இடமில்லை எண்டு கண்டு
என்ர நெஞ்சு ஆறினது,
அந்த ஆறுதலைத்தான் இப்பவும்
சவுக்காரம் போட்டுக் கழுவுறன்.

கையெழுத்து வைச்சுட்டு வெளிக்கிட
கூட்டுக்குள்ள இருந்து யூட் கூப்பிட்டான்.
கண் ரெண்டும் மிளகாய்ப் பழம்.
நித்திரை கொள்ளச் சொல்லி விட்டும்
கொள்ளேலாமல் இருந்தான்.

"அல்பிரட் அண்ணை,
செவ்வாய்க்கிழமை லைனர் மாத்தினதுதானே?
முதலாளி மாத்தினதெண்டு சொன்னவர்.
பிறகேன் அது பிடிக்கேல்லை?"

வாசலில ஒரு பொம்பிளை
சைக்கிள் எப்ப தருவியள் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டா.
நான் அவவுக்கு வழி விடுற மாதிரி
ஒதுங்கினன்.